எட்டாவது பருவம்

பெண்ணின் வயதை எண்ணுவதில் நம் தமிழ்ப் புலவர்களுக்கு இணை கிடையாது. ஐந்து முதல் ஏழு வயது வரை பேதை. பதினொன்று வரை பெதும்பை. பதின்மூன்று வரை மங்கை. பத்தொன்பது வரை மடந்தை. இருபத்தைந்து வரை அரிவை. முப்பத்தொன்று வரை தெரிவை. நாற்பது வரை பேரிளம்பெண். ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு நடை, ஒரு பார்வை, ஒரு விளையாட்டு என்று வகுத்து வைத்தார்கள். மங்கைப் பருவத்துக்கு இரண்டே வருஷம்தான் கொடுத்தார்கள். அவ்வளவு நுட்பமான கணக்கு! ஆனால் நாற்பது முடிந்ததும் கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

ஏன் மூடினார்கள் என்பது தெரிந்த விஷயம்தான். இந்தக் கணக்கு உலா இலக்கியத்துக்காகப் போட்ட கணக்கு. மன்னனோ இறைவனோ வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்களும் கண்டு மயங்குகிறார்கள். சேரமான் பெருமாள் நாயனாரின் திருக்கைலாய ஞான உலாதான் இந்த வகையில் முதல் நூல் என்பார்கள். அந்தச் சேரமானின் தோழர் சுந்தரர், அவரிடம் பரிசு பெற்றுக்கொண்டு நம் கொங்கு நாட்டு வழியாகத் திரும்பும்போதுதான் திருமுருகன்பூண்டியில் வழிப்பறி நடந்தது. பறித்தது சிவபெருமானின் பூதகணங்களே என்பது புராணம். அது இருக்கட்டும். உலா வரும் தலைவனைப் பார்க்க நாற்பத்தொரு வயதுக்காரி வாசலுக்கு வரவில்லை என்பதே நம் பேச்சு. அவள் தெருக்கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள் போலும். உள்ளே போனவளுக்கு என்ன ஆயிற்று என்று எந்தப் புலவரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஔவையார் கதையையும் யோசித்துப் பாருங்கள். கல்யாணம் பேச வந்துவிட்டார்கள் என்றதும், இளங்குமரியாக இருந்தவள் பிள்ளையாரை வேண்டிக்கொண்டு ஒரே நொடியில் கிழவியானாளாம். தகடூர் அதியமான் காலத்து ஔவைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் இல்லை என்று அறிஞர்கள் சொல்கிறார்கள்; சரிதான். ஆனால் கதை சொல்லும் மனசு எப்படிப்பட்டது என்று பாருங்கள். குமரியிலிருந்து கிழவிக்கு ஒரே தாவல்! நடுவில் இருக்கும் பத்துப் பதினைந்து வருஷத்தை ஔவைக்குப் பிள்ளையார் மன்னித்துவிட்டார். மற்றப் பெண்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அவர்கள் அந்த வருஷங்களை நாள் நாளாக, இரவு இரவாகக் கடந்தாக வேண்டும்.

அந்த இரவுகளைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு வயதில் ஒரு பெண் நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பாள். திடீரென்று விழிப்பு வரும். நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போட்டுக் குத்துவது போலிருக்கும். கழுத்து, காது வரை துடிப்புக் கேட்கும். மார்பிலிருந்து முகத்துக்கு ஓர் அனல் ஏறும், ஐந்து நிமிஷத்தில் புடவை வேர்வையில் நனையும், அப்புறம் குளிரும். பக்கத்தில் புருஷன் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார். எழுப்பலாமா, வேண்டாமா? மாரடைப்பா? சாவுதான் வந்துவிட்டதா? கடைசிப் பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே! இப்படி யோசித்துக்கொண்டிருக்கும்போதே துடிப்பு தானாக அடங்கிவிடும். காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் இருந்துவிடுவாள்.

சொன்னாலும் என்ன சொல்வது? மாதவிலக்கு நிற்கும் காலத்துக்கு நம் ஊர்ப் பேச்சில் முழுதாக ஒரு பெயர் இல்லை. "தூரம் நின்னு போச்சு" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். அது நிற்பதற்கு முன்னாலும் பின்னாலும் வருஷக்கணக்கில் உடம்பு படும் பாட்டுக்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

இத்தனைக்கும் கொங்கு நாடு பெண்ணின் உடம்பைப் பற்றி வெட்கப்பட்டு மூடி வைக்கிற நாடு அல்ல. பெண் பெரியவளானால் மாமன் பச்சை ஓலை வெட்டி வந்து குடிசை கட்டுவான். சீர் நடக்கும், பந்தல் போட்டு ஊரே வந்து சாப்பிட்டுப் போகும். கல்யாணத்தில் அருமைக்காரர் வந்து சீர்களை நடத்தி வைப்பார். முதல் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது கட்டுச்சோறு விருந்து. ஏழு விதச் சோறு கட்டிக்கொண்டு தாய்வீட்டார் வண்டி கட்டி வருவார்கள். வருவதற்கெல்லாம் இவ்வளவு மேளதாளம் செய்த ஊர், அது விடைபெறும்போது ஒரு வெற்றிலை பாக்குக்கூட வைப்பதில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த ஒன்று போகிறது. சீர் கிடையாது, சாங்கியம் கிடையாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. விலக்கு நின்ற பெண்ணுக்கு வீட்டில் ஒரு விடுதலை கிடைத்தது. மூன்று நாள் ஒதுங்கியிருக்க வேண்டியதில்லை. பொங்கல் வைக்க, படையல் போட, பழனிக்குப் பாதயாத்திரை போக நாள் பார்க்க வேண்டியதில்லை. சம்பந்திகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு நியாயம் சொல்லலாம். கிராமத்துக் கிழவிகளுக்கு உள்ள அந்த அதட்டல் வேறு எங்கிருந்து வந்தது?

மார்ஷா ஃப்ளின்ட் என்ற அமெரிக்க மானிடவியல் அறிஞர் வட இந்தியாவில் ராஜபுத்திரப் பெண்களிடம் விசாரித்து, 1975-ல் ஒரு கட்டுரை எழுதினார். மாதவிலக்கு நிற்பதால் இந்தப் பெண்கள் பெரிதாக ஒரு தொந்தரவும் சொல்லவில்லை. முக்காட்டை விலக்கி ஆண்களுக்கு நடுவே வந்து உட்காரும் உரிமை கிடைத்ததால் அவர்களுக்கு அது தண்டனை அல்ல, வெகுமதி என்று அவர் கண்டார். மேல்நாட்டில் அந்தக் கட்டுரைக்கு ஏகப்பட்ட மதிப்பு. எனக்கு அதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் ஒரு சந்தேகம் வரும். அயலூரிலிருந்து வந்த ஒரு விருந்தாளி கேட்டால், ராத்திரி நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எந்தக் குடும்பப் பெண் சொல்வாள்? "நல்லா இருக்கேனுங்க" என்பதுதானே நம் பெண்களின் பதில்! பின்னாளில் இந்திய மருத்துவர்களே ஒவ்வொரு தொந்தரவாகப் பெயர் சொல்லிக் கேட்டபோது, மூட்டுவலி, அசதி, தூக்கமின்மை, தகிப்பு, படபடப்பு என்று பட்டியல் நீண்டது. கேட்டால்தான் வரும் பதில்கள் சில உண்டு.

பழைய வைத்தியர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பன்னிரண்டு வயதில் தொடங்கி ஐம்பதில் ஓயும் என்று சுசுருதர் எழுதி வைத்திருக்கிறார். இந்தியப் பெண்களுக்குச் சராசரி வயது நாற்பத்தாறை ஒட்டி என்பது இக்காலக் கணக்கு; மேல்நாட்டுப் பெண்களுக்கு ஐம்பத்தொன்று. நம் பெண்கள் நாலைந்து வருஷம் முந்திக்கொள்கிறார்கள். சித்த வைத்தியர் நாடி பார்ப்பார். ஆணுக்கு வலக்கை, பெண்ணுக்கு இடக்கை. மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் என்று பிரிப்பார். நெஞ்சு படபடப்பைப் பித்தம் மிகுந்ததாகவோ வாதம் புரண்டதாகவோ சொல்லி ஒரு சூரணம் மடித்துக் கொடுப்பார். அதில் ஒரு நன்மை இருந்தது. கையைப் பிடித்து ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்திருக்க ஒருவர் இருந்தார்.

ஆனால் வைத்தியர் வீடு வரை போனவர்கள் எத்தனை பேர்? பெரும்பாலும் விஷயம் அடுப்படியிலேயே தீர்ந்துவிடும். "ஏனுங்கத்தை, நெஞ்சு படக்குப் படக்குன்னு அடிச்சுக்குதுங்க" என்று மருமகள் சொன்னால், "எங்காச்சும் பயந்திருப்பே கண்ணு, துண்ணூறு மந்திரிச்சுப் போட்டாச் செரியாப் போயிரும்" என்று பதில் வரும். திருநீறு, மந்திரித்த கயிறு, அதற்கும் அடங்காவிட்டால் உடுக்கை அடிக்கும் கோடாங்கி. காத்துக் கருப்பு, செய்வினை, எந்தக் காலத்திலோ கிணற்றில் விழுந்து செத்த நாத்தனார் என்று கோடாங்கி ஏதாவது ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்வான். சிரிக்காதீர்கள். இந்த விஷயத்தில் மேல்நாட்டு மேதைகள் எவ்வளவு தூரம் கோடாங்கியைத் தாண்டியிருந்தார்கள் என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருக்கும்.

1816-ஆம் வருஷம், பாரிஸ் நகரம். லென்னெக் என்ற டாக்டரிடம் இருதய நோயின் அறிகுறிகளோடு ஓர் இளம் பெண் வந்தாள். அந்தக் காலத்தில் டாக்டர்கள் நோயாளியின் மார்பில் நேரே காதை வைத்துக் கேட்பார்கள். வந்தவள் வயதுப் பெண். அப்படிச் செய்வது முறையாகாது. லென்னெக் யோசித்தார். ஒரு மரக்கட்டையின் ஒரு நுனியில் ஊசியால் கீறினால் மறுநுனியில் காது வைத்தவனுக்கு அது தெளிவாகக் கேட்கும் என்பது அவர் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கத்தைத் தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை அவள் மார்பில் வைத்து, மறுமுனையில் காதை வைத்தார். வெறும் காதுக்குக் கேட்பதைவிட இருதயம் துல்லியமாகக் கேட்டது. ஸ்டெதாஸ்கோப் பிறந்த கதை இதுதான். உலகத்து டாக்டர்கள் எல்லாம் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்ளும் அந்தக் கருவி, ஒரு பெண்ணின் நெஞ்சுத் துடிப்பையும் அவளுடைய மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவதற்காகப் பிறந்தது.

அதே வருஷம், அதே பாரிஸில், கார்தான் என்ற இன்னொரு டாக்டர் 'இக்கட்டான வயதில் காலெடுத்து வைக்கும் பெண்களுக்கு' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். 1821-ல் அதைத் திருத்தி வெளியிட்டபோது, மாதம், நிற்றல் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 'மெனோபாஸ்' என்று பெயர் சூட்டினார். கருவியும் பெயரும் ஒரே ஊரில், ஒரே வருஷத்தையொட்டிப் பிறந்தவை. ஆனால் இரண்டும் சந்தித்துக்கொள்ள நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நடுவில் நடந்ததைக் கேளுங்கள். 1835-ல் டப்ளின் நகரத்து டாக்டர் கிரேவ்ஸ், விடாத படபடப்போடு வந்த மூன்று பெண்களைப் பற்றி எழுதினார். மூவருக்கும் கழுத்தில் தைராய்டு சுரப்பி வீங்கியிருந்தது. இருபது வயதுப் பெண் ஒருத்தியின் விவரமும் அதே கட்டுரையில் உண்டு. அவளுக்கு வந்ததை முதலில் ஹிஸ்டீரியா என்றே கருதினார்களாம். ஹிஸ்டீரியா என்ற சொல்லுக்கு மூலமே கருப்பை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்தான். பெண்ணுக்கு எது வந்தாலும் கருப்பையின் கோளாறு, இல்லாவிட்டால் மனசின் கோளாறு. கிரேவ்ஸ் கழுத்தைத் தொட்டுப் பார்த்ததால் அவர்களுக்கு ஒரு நோய் இருப்பது தெரிந்தது.

அமெரிக்காவில் 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. அதில் சண்டை போட்ட சிப்பாய்களில் பலர் நெஞ்சு படபடக்கிறது, மூச்சு வாங்குகிறது, தூக்கம் வரவில்லை என்று ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். சோதித்தால் பலருக்கு இருதயத்தில் வியாதி எதுவும் தென்படவில்லை. ஜேக்கப் டா கோஸ்டா என்ற டாக்டர் முந்நூறு பேரை ஆராய்ந்து 1871-ல் எழுதினார். 'சிப்பாய் இருதயம்' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தில் இத்தகைய சிப்பாய்களுக்கென்று தனி ஆஸ்பத்திரியே ஏற்படுத்தினார்கள். ஒரு குறையும் சொல்லவில்லை. அந்தப் பையன்கள் பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அதே படபடப்பு, அதே வேர்வை, அதே தூக்கமின்மையோடு அவர்களுடைய தாய்மார்கள் போயிருந்தால்? தனி ஆஸ்பத்திரியா கட்டியிருப்பார்கள்!

தாய்மார்களுக்கு என்ன கிடைத்தது என்பதை லண்டன் டாக்டர் எட்வர்ட் டில்ட் 1857-ல் எழுதிய பெரிய புத்தகத்திலிருந்து அறியலாம். பெண்களின் சொல்லைக் கேட்டுப் பட்டியல் போட்டவர் என்ற வகையில் அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் அவர் கொடுத்த சிகிச்சைகளில் ஒன்று, வயிற்றுக்குழியில் பெல்லடோனாப் பிளாஸ்திரி. பெல்லடோனாவில் உள்ள சத்து உடம்பில் சேர்ந்தால் இருதயத் துடிப்பைக் கூட்டிவிடும் என்பது மருத்துவ மாணவனுக்கும் தெரிந்த பாடம். படபடப்புக்காரியின் வயிற்றில் அந்தப் பிளாஸ்திரி! நம் கோடாங்கியின் வேப்பிலை எவ்வளவோ மேல்.

இனி நம் ஊருக்குத் திரும்பலாம். கோயம்புத்தூருக்கு மேற்கே, மருதமலை இருக்கிறது. மருத மரங்கள் நிறைந்த மலை என்பதால் அந்தப் பெயர். முருகனுக்கும் அங்கே மருதாசலமூர்த்தி என்றே பெயர். மருதம்பட்டை இருதயத்துக்கு மருந்து என்று பதினோராம் நூற்றாண்டிலேயே சக்கரபாணி தத்தர் எழுதியிருக்கிறார். நீர்மருதம்பட்டையைப் பாலில் காய்ச்சிக் குடிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று மட்டுமா வந்தது? மலையாளத்து வைத்தியமும் வந்தது. 1943-ல் ராம வாரியர் கோயம்புத்தூரில் ஆரிய வைத்திய பார்மசியை நிறுவினார். அதன் பிறகு அசோகாரிஷ்டப் புட்டியும் தசமூலாரிஷ்டப் புட்டியும் கொங்கு வீட்டு அலமாரிகளில் மஞ்சள் டப்பாவுக்குப் பக்கத்தில் இடம் பிடித்தன. இந்தப் பட்டையும் அரிஷ்டமும் மாதவிலக்கு நிற்கும் காலத்துப் படபடப்பை அடக்கும் என்று சோதனைகள் இன்னும் நிலைநாட்டவில்லை. ஏற்கெனவே ரத்தக்கொதிப்புக்கோ இருதயத்துக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் பட்டைக் கஷாயம் குடிப்பது ஆபத்தாகவும் முடியலாம். ஆனாலும், பெயரே இல்லாத ஒரு துன்பத்துக்கு ஒரு புட்டி மருந்தாவது இருந்தது; அலமாரியைத் திறந்து அதை எடுக்கும்போது, தனக்கு ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவள் ஒப்புக்கொள்ள முடிந்தது.

கோயம்புத்தூர் கொடுத்த மருந்தைச் சொன்னால் கோயம்புத்தூர் கொடுத்த வினையையும் சொல்ல வேண்டும். அது காப்பி. 1861-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் இங்கே காப்பிக் கொட்டை பதப்படுத்தும் தொழிலைத் தொடங்கினார். நீலகிரியிலிருந்து இறங்கிய கொட்டை இங்கே தோல் நீங்கிக் கப்பலுக்குப் போயிற்று. முதலில் வெள்ளைக்காரனுக்குப் போன சரக்கு, இருபதாம் நூற்றாண்டில் நம் வீட்டுப் பித்தளை டம்ளருக்கு வந்து சேர்ந்தது. காலையில் ராகிக் கூழோ கம்மங்கூழோ குடித்த பெண், அதற்குப் பதிலாகக் காப்பி குடிக்கத் தொடங்கினாள். எனக்குப் பெரியம்மா ஒருத்தி இருந்தாள். காலையில் இரண்டு, பதினோரு மணிக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று, ராத்திரி கணக்கு வழக்கை முடித்துவிட்டு ஒன்று. ஐம்பது வயதை நெருங்கும்போது படபடப்பு வந்தது. படபடப்பு வந்ததும் உடம்பு தளர்ந்தது. தளர்ச்சி தீர இன்னொரு காப்பி குடித்தாள். காப்பியை விடச் சொன்ன டாக்டரை அவள் அப்புறம் பார்க்கவே இல்லை. பகல் இரண்டோடு நிறுத்திக்கொண்டிருந்தால் அவளுடைய ராத்திரிகள் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

இன்னொரு வகைப் பெண்களும் இங்கே உண்டு. 1888-ல் கோயம்புத்தூரில் முதல் நூற்பாலை வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. பஞ்சு அரவைக் கூடங்களிலும் ஆலைகளின் நூல் சுற்றும் பகுதிகளிலும் பெண்கள் வேலை செய்தார்கள். பஞ்சுத் தூசு பறக்கும் அந்தப் புழுக்கத்தில், உள்ளேயிருந்தும் ஓர் அனல் கிளம்பினால் எப்படியிருக்கும்! அவர்களுக்கு உட்கார்ந்து மூச்சு விட நேரமில்லை. அவர்களில் பலருக்கும் காட்டுவேலைக்குப் போன பெண்களுக்கும் ரத்தசோகை வேறு. பிள்ளைப்பேறுகளில் இழந்த ரத்தம் ஒரு பக்கம். விலக்கு நிற்பதற்கு முந்திய வருஷங்களில் சிலருக்கு அளவில்லாமல் போகும் ரத்தம் ஒரு பக்கம். ரத்தம் குறைந்தால் இருதயம் வேகமாக ஓடித்தான் அந்தக் குறையை ஈடு செய்யும். ஆகவே ஒரே படபடப்புக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். வயது, ரத்தசோகை, தைராய்டு. மூன்றையும் "பயந்துட்டா" என்ற ஒரே சொல்லில் கட்டிப் போட்டார்கள்.

இருதயத்தின் துடிப்பைத் தாளில் கோடாக வரையும் கருவியை ஹாலந்து தேசத்து ஐந்தோவன் 1900-களின் தொடக்கத்தில் செய்தார். 1924-ல் அவருக்கு நோபல் பரிசு. அந்த ஈ.ஸி.ஜி. இயந்திரம் பெரிய ஊர்களின் ஆஸ்பத்திரிகளுக்கு மெல்ல மெல்லத்தான் வந்தது. கோயம்புத்தூரில் 1952-ல் குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனையும், 1966-ல் அரசு மருத்துவக் கல்லூரியும் ஏற்பட்டன. பல்லடத்திலும் காங்கயத்திலும் இருந்த பெண்ணுக்குப் பஸ் ஏறிப் போகக்கூடிய தூரத்தில் இருதயத்தை எழுதிக் காட்டும் ஓர் இடம் கிடைத்தது.

ஆனால் இந்தப் படபடப்புக்கு ஒரு போக்கிரித்தனம் உண்டு. பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, கட்டிலில் படுத்து, உடம்பில் கம்பிகளை மாட்டியதும் அது சாதுவாகிவிடும். கோடு ஒழுங்காக வரும். "ஒன்றுமில்லையம்மா, மனசுதான் காரணம்" என்ற தீர்ப்போடு அவள் திரும்பி வருவாள். அன்று ராத்திரி இரண்டு மணிக்கு அது மறுபடியும் வரும்! இந்தச் சங்கடத்துக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் மான்டானா மாகாணத்து நார்மன் ஹோல்டர். நோயாளி கருவியிடம் வராவிட்டால் கருவியே நோயாளியோடு போகட்டும் என்பது அவர் யோசனை. 1940-களின் இறுதியில் அவர் செய்த முதல் கருவி முப்பத்தெட்டுக் கிலோ எடை. முதுகில் மூட்டையாகக் கட்டிக்கொள்ள வேண்டும். பிற்பாடு அது இடுப்பில் செருகும் சிறு பெட்டியாயிற்று. ஒரு நாள் முழுவதும், ராத்திரியும் சேர்த்து, அது கணக்கு எழுதும். நாற்பதோடு கணக்கை மூடிய புலவர்கள் செய்யாததை அந்தப் பெட்டி செய்தது.

பெட்டி எழுதிய கணக்கிலிருந்தும் சுரப்பிகளைப் பற்றிய ஆராய்ச்சியிலிருந்தும் தெரிய வந்தது இது. சூலகத்தில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் சத்து, நாற்பதுக்கு மேல் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறியும் இறங்கியும் தடுமாறிக் குறைகிறது. மூளையின் அடியில் உடம்பின் சூட்டைக் காவல் காக்கும் ஒரு பகுதி உண்டு. இந்தத் தடுமாற்றத்தில் அது, நிழலைப் பார்த்தாலும் கூச்சல் போடும் ஊர்த் தலையாரியைப் போல ஆகிவிடுகிறது. சூடு கொஞ்சம் கூடினாலும் தோலின் ரத்தக்குழாய்களைத் திறந்துவிடுகிறது, வேர்வையை வரவழைக்கிறது, இருதயத்தை நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து துடிப்புக் கூடுதலாக ஓட்டுகிறது. சிலருக்கு இதோடு, ஒரு துடிப்பு அவசரப்பட்டு முன்னதாக வந்துவிடும். அடுத்தது சற்றுத் தாமதிக்கும். அந்த இடைவெளியில் ரத்தம் கூடுதலாக நிரம்பி, அப்புறம் வரும் துடிப்பு தொப்பென்று விழும். நெஞ்சு நின்று போய் மறுபடி ஓடியது போலத் தோன்றுவது இதுதான். இருதயம் நல்ல நிலையில் உள்ளவர்களுக்குப் பெரும்பாலும் இதனால் ஆபத்தில்லை.

ஈஸ்ட்ரோஜனை 1923-ல் ஆலனும் டாய்ஸியும் இனம் கண்டார்கள். 1942-ல் சினைக்குதிரையின் மூத்திரத்திலிருந்து எடுத்த மாத்திரை அமெரிக்கக் கடைக்கு வந்தது. 1966-ல் ராபர்ட் வில்சன் என்ற டாக்டர், இதைச் சாப்பிட்டால் பெண் என்றும் பெண்ணாகவே இருப்பாள் என்று ஒரு புத்தகம் எழுதிப் பிரபலமானார். சாப்பிடாதவள் வேறு என்ன ஆவாள் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். 1975-ல் கருப்பைப் புற்றுநோய்க்கும் அந்த மாத்திரைக்கும் உள்ள தொடர்பு தெரிந்து ஒரு பயம். 2002-ல் பதினாறாயிரம் பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய ஒரு பெரிய ஆராய்ச்சியைப் பாதியில் நிறுத்தியபோது மற்றொரு பயம். அந்த ஆராய்ச்சியில் பெரும்பாலோர் விலக்கு நின்று பல வருஷம் கழிந்தவர்கள் என்பதும், அறுபதுக்குள் தொடங்குகிறவர்களுக்கு ஆபத்து அவ்வளவு இல்லை என்பதும் அப்புறம் விளங்கிற்று. தகிப்புக்கு அது நல்ல மருந்து. தகிப்போடு கூட வரும் படபடப்பு அதனால் தணியலாம். மார்பகப் புற்றுநோய் கண்டவர்களுக்கும் ரத்தக்கட்டு வந்தவர்களுக்கும் ஆகாது. ஆளுக்கு ஆள் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டிய மருந்து அது. பக்கத்து வீட்டுக்காரி சொல்லிக் கடையில் வாங்குவதல்ல.

ராத்திரி இரண்டு மணிக்கு என்ன செய்வது? எழுந்து உட்கார்ந்து, காற்றோட்டமாக இருந்துகொண்டு, மூச்சை மெல்ல இழுத்து அதைவிட மெல்ல விடலாம். தண்ணீர் குடிக்கலாம். மணிக்கட்டில் விரலை வைத்துக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷத்துக்கு எத்தனை என்று எண்ணலாம்; தாளம் சீராக இருக்கிறதா, தாறுமாறாக இருக்கிறதா என்று கவனிக்கலாம். பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி, மணி, எண்ணிக்கை, எவ்வளவு நேரம் இருந்தது, அன்று என்ன சாப்பிட்டோம் என்று குறித்து வைக்கலாம். "மனசுதான் காரணம்" என்று சொல்லும் டாக்டருக்கு முன்னால் அந்தப் பக்கத்தை விரித்து வைத்தால், அவர் இரண்டாம் முறை யோசிப்பார். ரத்தத்தில் இரும்பும் தைராய்டும் எப்படி இருக்கின்றன என்று பார்க்கச் சொல்லலாம். மயக்கம், நெஞ்சு வலி, மூச்சு முட்டல் இவற்றில் ஏதாவது கூட வந்தாலோ, துடிப்பு தாறுமாறாக ஓடி அடங்காமல் இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வயதுக் கோளாறு என்று சொல்லியே உண்மையான இருதய நோயைத் தவறவிட்ட குடும்பங்களும் இந்த நாட்டில் உண்டு. விலக்கு நின்ற பிறகு பெண்ணுக்கு இருதய நோய் வரும் வாய்ப்பு முன்னைவிடக் கூடத்தான் செய்கிறது.

2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு அரசு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் தொடங்கியது. ஊர்ப் பெண்களே பயிற்சி பெற்று, வீடு வீடாகப் போய் ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்து கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடிக்கும்போது, இரண்டு பெண்களுக்குள் ஐந்து நிமிஷம் பேச நேரம் கிடைக்கும். வந்திருப்பவளுக்கும் ஒரு வேளை நாற்பத்தாறு வயது இருக்கலாம். "ஏனுங்கம்மிணி, உங்களுக்கும் ராத்திரியில நெஞ்சு இப்பிடி அடிச்சுக்குதுங்களா?" என்று கேட்டால், அளவெடுப்பதை விட்டுவிட்டு அவளும் திண்ணையில் உட்கார்ந்துவிடுவாள்.